பூங்கா பார்க்கிங்கில் விபத்து: 'தனியார் இடம், போலீஸ் கேஸ் ஆகாது' என்பது சரியா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். போன மாதம் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து, நகர எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மாலையில் கிளம்பும் நேரத்தில், பார்க்கிங்கில் பின்னோக்கி வந்த ஒரு கார் இடித்து என் மாமியாருக்கு வலது காலில் எலும்பு முறிந்துவிட்டது. ஓடிவந்த காவலாளிகள், "இது தனியார் இடம், போலீஸ் கேஸ் ஆகாது, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கார்க்காரர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி எண் மட்டும் ஒரு கைப்பேசிப் படத்தில் இருக்கிறது. வம்பு எதற்கு என்று மருத்துவமனையில் 'படியில் தவறி விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிட்டோம். இப்போது அறுவைச் சிகிச்சைச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் 'எங்கள் எல்லை இல்லை' என்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா? அதே நாளில், ரிசார்ட்டுக்குள் விருந்தினர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி திருப்பத்தில் சாய்ந்து, என் தங்கை மகனுக்குக் கையில் அடிபட்டது. அதற்கும் இதே வழிதானா?

பதில்: செய்ய முடியும், அம்மா. காவலாளி சொன்னது தவறு; அதைத் தாண்டிவிடலாம். எல்லைப் பிரச்சினையையும் தாண்டிவிடலாம். உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கப்போவது மருத்துவமனையில் சொன்ன அந்தப் 'படி'தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'தனியார் இடம்'. பூங்காவின் நிலம் தனியாருடையதுதான். ஆனால் குற்றத்துக்கு ஒரு சட்டம், இழப்பீட்டுக்கு ஒரு சட்டம், இரண்டும் இடத்தைப் பார்க்கும் விதம் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. பார்க்கிங் பொது வழியா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கே வாதாடலாம். 125-ஆம் பிரிவில் அந்தச் சொல்லே கிடையாது. அலட்சியத்தால் பிறருக்குக் காயம் ஏற்படுத்தினால் போதும், எந்த இடமாக இருந்தாலும் குற்றம். எலும்பு முறிவு 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். கொடுங்காயம் என்றால் 125(பி)-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை. போலீஸார் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் பதிவு செய்யக்கூடிய குற்றம் இது. நான் புகார் எழுதினால் இரண்டு பிரிவுகளையும் குறிப்பிடுவேன்; 281 நிற்காவிட்டாலும் 125 நிற்கும்.

இழப்பீட்டில் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, 'பொது இடத்தில்' ஓடும் வண்டிக்குத்தான் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கமாட்டார். ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடமும் பொது இடமே என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1988-இலேயே சொல்லிவிட்டது. அனுமதியின் பேரிலோ கட்டுப்பாட்டுடனோ மக்கள் நுழையும் இடமும் அதில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் பின்னர் இதே வழியில் போனது. டிக்கெட் வாங்கிய யாரும் உள்ளே வரலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தனியார் வீட்டு முற்றம்போல் காட்டுவது எளிதல்ல.

காவலாளிக்கு உள்ள அதிகாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சீருடை போட்டிருந்தாலும் அவர் போலீஸ் அல்லர். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பறித்து வைக்கவோ, அபராதம் வசூலிக்கவோ, வழக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்ப்புச் சொல்லவோ அவருக்கு உரிமை இல்லை. தன் கண் முன்னே ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடித்து, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கலாம். காவலாளிக்கும் அவ்வளவுதான். உலகிலேயே பெரிய பூங்கா ரிசார்ட்டுகளில் ஒன்றான ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் சாலையும் தீயணைப்பும் நடத்த 1967-இல் தனி மாவட்டமே உருவாக்கிக் கொடுத்தார்கள். 2023-இல் அந்த மாவட்டத்தின் நிர்வாகக் குழுவை மாநில அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. அத்தனை அதிகாரம் இருந்த காலத்திலும் அங்கே குற்றத்தைப் பதிவு செய்தது அந்த வட்டாரப் போலீஸான ஆரஞ்சு கவுண்ட்டி ஷெரிஃபின் ஆட்கள்தான், டிஸ்னியின் காவலாளிகள் அல்லர். நம் ஊர்ப் பூங்கா இதைவிடப் பெரிய ராஜ்ஜியமா என்ன!

அடுத்தது எல்லை. பெங்களூருக்காரர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள். சுற்றுவட்டாரப் பூங்காக்களும் ரிசார்ட்டுகளும் பெரும்பாலும் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மைசூரு சாலையில் பிடதிப் பக்கம் போனால் அது ராமநகரா மாவட்டமாக இருந்தது; 2025-இல் பெயரை 'பெங்களூரு தெற்கு மாவட்டம்' என்று மாற்றினார்கள். பெயரில் பெங்களூரு இருந்தாலும் அங்கே பொறுப்பு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருடையது. நந்தி மலைப் பக்கம் என்றால் சிக்கபள்ளாபுரா மாவட்டம். ஆனால் எல்லையைக் காட்டிப் புகாரை மறுக்கும் காலம் 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள், பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. மறுத்தால் அதே பிரிவின்படி மேலதிகாரிக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம், அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உரிமை இப்படி இருந்தாலும், உங்கள் நிலையில் நான் பூங்கா இருக்கும் இடத்துக் காவல் நிலையத்துக்கே ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரச் சொல்வேன். சம்பவ இடத்தைப் பார்த்து மகஜர் எழுத வேண்டியவர்கள் அவர்கள். அல்சூரிலிருந்து காகிதம் போய்ச் சேரும் வரை கேமரா பதிவு காத்திருக்காது. பழைய பதிவின் மீது புதியது ஏறிக்கொண்டே இருக்கும்; ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே இன்றே பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் மின்னஞ்சலும் அனுப்புங்கள்: தேதி, நேரம், பார்க்கிங் பகுதி, கார் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு கேளுங்கள். காப்பியைக் கேட்டால் தரமாட்டார்கள், பரவாயில்லை. அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீஸிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு பதிவு அழிந்தால், அது ஏன் அழிந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

புகார் எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. கர்நாடகத்தில் எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும். உங்கள் மாமியாருக்கோ உங்களுக்கோ கன்னடம் பேச வரும், படிக்க வராது என்றால், கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டப்படி வாசித்துக் காட்டவே வேண்டும். 'பின்னோக்கி வந்த கார் மோதியதில் விழுந்தார்' என்பது 'கார் அருகே விழுந்தார்' என்று சுருங்கியதால் தேய்ந்துபோன வழக்குகள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இப்போது அந்தப் 'படி'. விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கேட்டு வாங்குவது, நோயாளி சேர்க்கப்பட்ட அன்று மருத்துவர் எழுதிய குறிப்பை. வாகன விபத்து என்று சொல்லியிருந்தால் மருத்துவமனையே சட்டம் சார்ந்த வழக்காகப் பதிந்து போலீஸுக்குத் தகவல் கொடுத்திருக்கும். வம்பு வேண்டாம் என்று நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம், 'இந்தக் கார் மோதவே இல்லை' என்று காப்பீட்டு நிறுவனம் வாதாட இடம் கொடுத்துவிட்டது. அந்தக் குறிப்பைத் திருத்தித் தரும்படி மருத்துவரிடம் கெஞ்ச வேண்டாம். திருத்தினால் இன்னும் சந்தேகம் வரும். மறைக்கவும் வேண்டாம். புகாரிலேயே, 'காவலாளிகள் வழக்கு ஆகாது என்று சொன்னதை நம்பி, பயத்தில் அப்படிச் சொன்னோம்' என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளியே இழுக்கப்படும் உண்மைக்கும், தானே முன்வந்து சொன்ன உண்மைக்கும் நீதிமன்றத்தில் மதிப்பு வேறு.

அதோடு அன்று நடந்ததை நிரூபிக்கும் எதையும் சேருங்கள்: நுழைவு டிக்கெட், பார்க்கிங் சீட்டு, சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவு, வண்டி எண் தெரியும் அந்தப் படம், முதலுதவி கொடுத்திருந்தால் பூங்கா மருத்துவ அறைப் பதிவேடு, உடன் வந்த குடும்பத்தாரின் சாட்சி. ஐயாயிரம் ரூபாய் கைப்பேசி வழியாக வந்திருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல சான்று. மோதாதவர் எதற்குப் பணம் அனுப்பினார்? அதை வாங்கியதால் உரிமை போய்விடவில்லை. 'இனி புகார் இல்லை' என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

ஒரு மாதத் தாமதம் பற்றிக் கவலை வேண்டாம். அடிபட்டவரின் குடும்பம் முதலில் சிகிச்சையைத்தான் பார்க்கும், எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் வைத்து வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. கார்க்காரர்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு அதே சட்டத்தில் இரண்டு கதவுகள். 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். 166-இல் ஓட்டுநரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். ஆனால் சிகிச்சைச் செலவு, வலி, பராமரிப்பு, நடமாட்டக் குறைவு எல்லாவற்றையும் கேட்கலாம். 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். செலவு ஏற்கெனவே இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் 166-தான் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. விபத்து நடந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன, அவற்றை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். மனுவை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பெங்களூருவில் சிறுவழக்கு நீதிமன்றம்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் இருக்கிறது.

பூங்காவும் பொறுப்பேற்குமா என்றால், அது இடத்தின் அமைப்பைப் பொறுத்தது. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை இல்லை, விளக்கு இல்லை, அல்லது அந்தக் காரை 'வா வா' என்று கையசைத்துப் பின்னால் எடுக்கச் சொன்னதே அவர்களின் ஆள் என்றால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். 'வாகனங்கள் அவற்றின் உரிமையாளர் பொறுப்பில்' என்ற பலகை எல்லாவற்றையும் துடைத்துவிடாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் தன்னிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருடுபோனதற்குப் பொறுப்பு என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அத்தகைய வாசகத்தால் மட்டும் தப்பிக்க முடியாது என்றது. ஆனால் அது ஓட்டல் வண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்ட வழக்கு. உங்களுடையதற்கு அப்படியே பொருந்தாது.

பேட்டரி வண்டியின் கதை வேறு. மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்காக அமைக்கப்பட்ட சிறப்பு வகை வண்டியை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைக்கிறது. தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயிலும் அப்படித்தான். எனவே விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். பதிவு எண் பலகை உள்ள வண்டியா என்று மட்டும் படத்தில் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன வழி. இல்லையென்றால் எதிர்த்தரப்பு பூங்கா நிர்வாகம்தான். ஓட்டியவரின் அலட்சியத்துக்கு அதே 125-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, காலவரம்பு இரண்டு ஆண்டு. சிறுவனின் எக்ஸ்ரேயையும் டிக்கெட்டையும் உங்கள் மாமியாரின் கோப்போடு கலக்காமல் தனியாக வையுங்கள். இரண்டும் இரண்டு வழக்கு.