ஆள் எவ்ளோ நடக்கறார்னு பாத்து ரீஹாப் ஆஸ்பத்திரிக்கு பணம் குடுக்கறது எப்படி?

மன்னார்குடிலேர்ந்து கேட்டிருக்கீங்க, ரீஹாப் ஆஸ்பத்திரிக்கு, அதாவது பக்கவாதம் மாதிரி வந்தவங்கள திரும்ப நடமாட பழக்கற எடத்துக்கு, ஆள் எவ்ளோ நடக்கறார்னு பாத்துதான் பணம் குடுக்கறாங்கன்னு அமெரிக்கால இருக்கற மச்சான் சொன்னார், நெஜமான்னு. நெஜம்தான், ஆனா அவர் சொன்னது பாதி.

அங்க வயசானவங்களுக்கு அரசாங்கம் நடத்தற இன்சூரன்ஸ் மெடிகேர். 2002லேர்ந்து ரீஹாப்ல தங்கறவங்களுக்கு ஒரு அட்மிஷனுக்கு மொத்தமா இவ்ளோன்னு குடுத்துடறாங்க. என்ன நோய், கூட வேற என்ன வியாதி, சிலதுல வயசு, முக்கியமா ஆளால தானா என்ன செய்ய முடியுது, இத வச்சு குரூப் பிரிப்பாங்க. ஆளால எவ்ளோ முடியுதுன்னு பாக்க முன்ன 18 விஷயத்துக்கு 1லேர்ந்து 7 மார்க், 2019 அக்டோபர்லேர்ந்து வேற அளவுகோல், அதுல 6 வரைக்கும்தான். மார்க் கொறைஞ்சா பணம் ஜாஸ்தி, ஏன்னா அவர பாத்துக்க ஆளும் நேரமும் ஜாஸ்தி.

எங்க பெரியப்பா பக்கவாதம் வந்து தஞ்சாவூர்ல இருந்தப்ப கட்டில்லேர்ந்து சேருக்கு மாத்த ரெண்டு பேர் புடிக்கணும், அந்த புது அளவுகோல்ல அதுக்கு 1தான். மூணு வாரத்துல சுவத்துல சாஞ்சுகிட்டு ஒத்தக்கையால வேட்டிய சுத்திக்க பாத்தார், முடிச்சு மட்டும் பெரியம்மா போட்டாங்க, அது 3 வரும்னு வச்சுக்கங்க. ஆனா தஞ்சாவூர் பில்லுல இதெல்லாம் ஏது, பெட் வாடகை ஒரு நாளைக்கு இவ்ளோ, பிசியோ ஒரு தடவைக்கு இவ்ளோ, அவ்ளோதான்.

அமெரிக்கா முறையிலயும் ஓட்டை இருக்கு. சேக்கறப்ப மார்க்க கொறைச்சு போட்டா லாபம், தொகை ஃபிக்ஸ் ஆயிட்டதால சீக்கிரம் அனுப்பினாலும் லாபம். ரொம்ப சீக்கிரம் அனுப்பினா பணத்த கொறைக்கறதுக்கும் ரூல் வச்சிருக்காங்க.