சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு ராஜபாளையம் குட்டிதான் வாங்க வேண்டுமா?

ராஜபாளையம் குட்டி வாங்கப் போவதாகவும், முழு வெள்ளையும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் 'ஒரிஜினல்' என்று விற்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்படி நிறம் பார்த்தே இணை சேர்த்தால் நாய்க்கு நோய் வருமா என்பது உங்கள் கேள்வி.

வரும். எல்லா நிறத்திலும் வராது, வருகிற கேடும் நிறத்துக்கு நிறம் மாறும். நீங்கள் கேட்கும் இனத்தில் முதல் கவலை காது.

நான் புளியங்குடிப் பக்கம். வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டினால் ராஜபாளையம். எலுமிச்சைத் தோட்டக் காவலுக்கு இந்த வெள்ளை நாயும், சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு நாய் இனங்களும் எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நிற்பவை. ராஜபாளையம் ஈத்தில் செவிட்டுக் குட்டி விழுவது இங்கே வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். விற்கும்போது மட்டும் யாரும் சொல்வதில்லை.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? குட்டி கருவில் வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப் பக்கமிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. தோலுக்குப் போகின்றன, கண்ணுக்குப் போகின்றன, உட்செவிக்கும் போகின்றன. உட்செவிக்குள் அவற்றின் வேலை நிறம் கொடுப்பது அல்ல. அங்கே உள்ள திரவத்தில் பொட்டாசியம் சரியான அளவில் இருக்க அந்தச் செல்கள் வேண்டும். அவை போய்ச் சேராவிட்டால் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது, மருந்தும் கிடையாது.

ஆகவே வெள்ளை என்றாலே செவிடு என்று முடிவு கட்ட வேண்டாம். நம் வீடுகளில் 'பொமரேனியன்' என்று வளர்க்கும் வெள்ளை ஸ்பிட்ஸைப் பாருங்கள். மூக்கு கறுப்பு, கண் இமை ஓரம் கறுப்பு. தோலில் நிறமி இருக்கிறது, முடிதான் வெளுப்பு. அதன் காதுக்கு இந்த ஆபத்து இல்லை. ராஜபாளையத்தின் ரோஸ் மூக்கு, தோலிலேயே நிறமி இல்லை என்பதற்கு அடையாளம். அதைத்தான் 'சுத்தம்' என்று சொல்லி அதிக விலை வைக்கிறார்கள்.

இந்தச் செவிட்டுத்தன்மையை அதிகம் ஆராய்ந்திருப்பது வெள்ளை உடம்பில் சின்னப் புள்ளிகள் உள்ள டால்மேஷன் இனத்தில். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டு உள்ள குட்டிகளில் செவிடு குறைவு என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு ஒரு குறை, அதனால் அந்தக் குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் நடந்தது இதைவிடக் கொடுமை. செவலையோ கறுப்போ கலந்து பிறந்த ராஜபாளையம் குட்டிகளை ஒரு காலத்தில் கொன்றே போட்டார்கள். இப்போது 'கலப்பு' என்று சொல்லிச் சும்மா தள்ளிவிடுகிறார்கள். நன்றாகக் காது கேட்க அதிக வாய்ப்புள்ள குட்டிகளைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டியிருக்கிறோம் என்பது என் எண்ணம். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

இரண்டு காதும் போன குட்டியை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போனது சாதாரண நாய் மாதிரியே ஓடும், குரைக்கும், கூப்பிட்டால் வரும். அதைத்தான் நல்ல கடுவன் என்று நம்பி இணைக்கு விடுகிறார்கள், குறை அடுத்த ஈத்துக்கும் இறங்குகிறது. நாய்கள் குறைவாக இருக்கிற இனத்தில் வெள்ளை கெடக்கூடாது என்று தாயோடு மகனையும், கூடப்பிறந்ததோடு கூடப்பிறந்ததையும் சேர்க்கிறபோது மற்றப் பரம்பரைக் குறைகளும் சேர்ந்து தேங்குகின்றன.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக் கடுவன் நின்றது. "கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கு அண்ணாச்சி, ராசபாளையம்னா திமிரு இருக்கத்தான செய்யும்" என்று அதை வளர்த்தவர் பெருமையாகத்தான் சொல்வார். தூங்கிக்கொண்டிருந்த நாயைத் தொட்டுக் கஞ்சி வைக்கப் போன பையன் கையைக் கடித்த பிறகுதான் அதற்குச் சுத்தமாகக் காது கேட்காது என்று தெரிந்தது. திடுக்கிட்டு விழித்த நாய் வேறென்ன செய்யும்? கடையம், பாபநாசம் அடிவாரத்தில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப்போவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். காது கேட்காத ஒன்றை அங்கே சங்கிலியில் கட்டிப் போடுவது எவ்வளவு பெரிய பாவம்!

வெயிலையும் யோசியுங்கள். நிறமியில்லாத மூக்கும், முடி குறைந்த அடிவயிறும் நம் சித்திரை, வைகாசி வெயிலில் எளிதாகப் புண்ணாகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் தோல் புற்றுநோய் வரைக்கும் போகலாம். நிழல் இல்லாத இடத்தில் இந்த நாயை வளர்க்க வேண்டாம்.

இனி மற்ற நிறங்கள். வாட்ஸ்அப்பில் 'ரேர் கலர்' என்று வரும் மெர்ல் குட்டிகள், அதாவது சாம்பலும் கறுப்பும் தெறித்த மாதிரி இருப்பவை, பார்க்க அழகுதான். மெர்ல் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆபத்து கொஞ்சம். இரண்டு மெர்ல் நாய்களை இணை சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி இரண்டு பக்கமும் அதை வாங்கிப் பிறக்கும். அவை பெரும்பாலும் வெளுத்திருக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட நாய்களில் 15 சதவீதத்துக்கு இரண்டு காதும், 10 சதவீதத்துக்கு ஒரு காதும் கேட்கவில்லை. கண் சிறுத்துப்போய்ப் பார்வையில்லாமல் பிறப்பதும் உண்டு. தெரிந்தே இரண்டு மெர்லைச் சேர்க்கிறவரிடம் எந்தக் குட்டியும் வாங்காதீர்கள்.

சாம்பல் நிறத்தில், முக்கியமாகச் சாம்பல் டாபர்மேனில், காதுக்குப் பயமில்லை, முடிக்குத்தான். குட்டியாக இருக்கும்போது மினுமினுவென்று இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் சிலவற்றுக்கு முதுகில் முடி கொட்டித் தோல் புண் திரும்பத் திரும்ப வரும். சாக்லேட் லேப்ரடார் கதை வேறு மாதிரி. பிரிட்டனில் 2018-இல் வந்த ஆய்வில் மற்ற நிற லேப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12.1 வருடம், சாக்லேட்டுக்கு 10.7. காது அழற்சியும் தோல் நோயும் அதில் கூடுதல். நிறமே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நிறம் தெரியும் என்பதால், அதற்காகக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே இணை சேர்த்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

வாங்கப் போகும்போது தாயையும் தகப்பனையும் ஈத்து முழுவதையும் பாருங்கள். தகப்பன் வேறு ஊரில் என்றால் அங்கேயும் போங்கள். "கலர் குட்டி விழுந்துச்சா, அதை என்ன பண்ணுனிய?" என்று கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படியே தவறு, அதனால் "சீக்கிரம் எடுத்துக்கிடுங்க" என்று அவசரப்படுத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள். குட்டியைத் தனியாகத் தூங்க விட்டு, பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கூடப்பிறந்தவை பக்கத்தில் இருந்தால் அவை எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழும். தரையைத் தட்டினாலும் அதிர்வில் விழிக்கும்.

சாவிக்கொத்துச் சோதனையில் ஒரு காது செவிடு தெரியாது. அதற்கு பி.ஏ.இ.ஆர். என்ற சோதனை இருக்கிறது. ஒவ்வொரு காதுக்குள்ளும் தனித்தனியாக ஒலி கொடுத்து, தலைத்தோலில் குத்திய மெல்லிய ஊசிகள் வழியாக மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் செய்யலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் இதைப் பற்றி விசாரியுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் காதில் செவலைத் திட்டு உள்ள குட்டியைத்தான் எடுப்பேன். டால்மேஷன் கணக்கு இதற்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன்.

ஒருவேளை ஏற்கெனவே செவிட்டுக் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டால் தெருவில் விட்டுவிடாதீர்கள். கைச்சைகையை அது நன்றாகப் பழகிக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொடாமல், தரையை லேசாகத் தட்டி எழுப்புங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். வெளியே போனால் கயிறு கட்டாமல் விடக்கூடாது. கருத்தடையும் செய்துவிடுங்கள்.