கார்டு போச்சா, கேபிள் கோளாறா? பேனல் வேலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனை (பாமாயில் பனை) ஆலைகளிலும் தோட்டத்துப் பம்ப் ஹவுஸ்களிலும் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களும் வயர்மேன்களும் கேட்டவை. பதில் தருபவர் ஆலை ஆட்டோமேஷனில் ஊறியவர்.

கேள்வி: அண்ணே, பிரஸ் ஸ்டேஷன் பேனல்ல எஸ்7-1200 (சீமென்ஸ் பிஎல்சி, மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) இருக்கு. எனர்ஜி மீட்டர் படிக்க சிஎம் 1241 ஆர்எஸ்-485 மாட்யூல் (ரெண்டு டேட்டா வயர்ல பேசுற கார்டு) வந்திருக்கு. எந்தப் பக்கம் மாட்டணும்? கரண்ட் இருக்கும்போதே சொருகலாமா?

சொருகக் கூடாது தம்பி. எஸ்7-1200இல் கரண்ட் ஓடும்போது எந்த மாட்யூலையும் மாட்டவும் கூடாது, கழற்றவும் கூடாது. 24 வோல்ட்டை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ரிலே அவுட்புட் டெர்மினலில் வேறு பேனலிலிருந்து 240 வோல்ட் வந்து நிற்கலாம். சார்ஜ்மேனிடம் (மின்சாரப் பொறுப்பாளர்) சொல்லி அதையும் பூட்டிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகு கை வையுங்கள்.

கம்யூனிகேஷன் மாட்யூல் சிபியுவுக்கு (பிஎல்சியின் மூளைப் பெட்டி) இடப்பக்கம்தான். அதிகபட்சம் மூன்று. வலப்பக்கம் இன்புட், அவுட்புட் சேர்க்கும் சிக்னல் மாட்யூல்களுக்கு. சிபியுவின் இடப்பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதை எடுங்கள். மாட்யூலின் பஸ் கனெக்டரையும் முளைகளையும் நேராக வைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இரண்டையும் சேர்த்த பிறகே டின் ரெயிலில் ஏற்ற வேண்டும். ரெயிலில் இருக்கும் சிபியுவோடு மாட்யூலைத் தள்ளிச் சேர்க்கப் பார்த்தால் பின் வளையும். மேலேயும் கீழேயும் 25 மில்லிமீட்டர் காற்றோட்டம் விடுங்கள்.

கரண்ட் கொடுத்ததும் மாட்யூலின் நிலையைக் காட்டும் டயாக் விளக்கைப் பாருங்கள். சிவப்பில் மின்னினால் சிபியு இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பச்சையில் மின்னினால் கண்டுகொண்டது, கான்ஃபிகரேஷன் இன்னும் வரவில்லை. பச்சை நிலையாக எரிந்தால் மாட்யூல் வரைக்கும் வேலை முடிந்தது. சிவப்பிலேயே நின்றால் கரண்டை அணைத்து, கனெக்டர் முழுதாக உட்கார்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஒன்பது பின் கனெக்டரில் 3ஆவது பின் பி, 8ஆவது பின் ஏ. இங்கே பிதான் பிளஸ். பல மீட்டர்களில் ஏ என்று எழுதியிருப்பதே பிளஸ்ஸாக இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள், பிளஸ் மைனஸ் குறியைப் பாருங்கள். டிஎக்ஸ் (அனுப்பும்) விளக்கு மின்னுகிறது, ஆர்எக்ஸ் (வாங்கும்) விளக்கு மின்னவே இல்லை என்றால், இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அதனால் எதுவும் எரியாது.

கேள்வி: மேசையில வச்சு ஒரு மீட்டரை டெஸ்ட் பண்ணா நல்லா பேசுது. சைட்ல 14 மீட்டரையும் சேர்த்தா விட்டு விட்டுப் போகுது. மாட்யூலை மாத்தியாச்சு, அதே கதை.

மாட்யூலில் கோளாறு இல்லை. எல்லாக் கரண்டையும் அணைத்துவிட்டு, டேட்டா வயர் இரண்டுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) இருந்தால், இரண்டும் இணையாகி 60 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது கேபிள் நடுவில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் மூன்று ரெசிஸ்டர், 30 வந்தால் நான்கு. நடு மீட்டரில் யாரோ டெர்மினேஷன் சுவிட்சை ஆன் பண்ணி வைத்திருப்பார்கள்.

60 சரியாக வந்தும் பேச்சு விட்டு விட்டுப் போனால் கேபிள் போன பாதையை நடந்து பாருங்கள். கேபிள் ட்ரேயில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாக வயர் இழுத்திருந்தால் அதுதான் வினை. ஒரு மீட்டருக்குள் நுழைந்து, அதே டெர்மினலிலிருந்து கிளம்பி அடுத்ததற்குப் போக வேண்டும். கேபிள் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மரக்கிளை மாதிரி பிரிப்பவர்களால்தான் பாதித் தலைவலி.

கேள்வி: ஐயா, வேபிரிட்ஜிலிருந்து (லாரி எடை மேடை) ஆலை ஆபீஸ் வரைக்கும் ஏறக்குறைய 300 மீட்டர், ஆர்எஸ்-485 ஓடுது. இடி இடிச்சா கார்டு போயிடுது. எர்த் எல்லாம் அடிச்சிருக்கோமே?

இரண்டு கட்டடத்திலும் தனித்தனி எர்த் இருப்பதுதான் பிரச்சினையே. பக்கத்தில் இடி விழும்போது ஓர் எர்த்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம். ஆர்எஸ்-485 சிப் தாங்கக்கூடிய பொது மின்னழுத்தம் (தன் எர்த்தை ஒப்பிட்டு இரண்டு வயரிலும் சேர்ந்து ஏறும் வோல்ட்) மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். டேட்டா வயர் வழியாக அந்த வித்தியாசம் பாய்ந்தால் சிப் வெடிக்காமல் என்ன செய்யும்?

கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர் போடுங்கள். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கன்வெர்ட்டர், அவ்வளவுதான். உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள். கவசம் இருந்தால் அதன் வழியாகவே எர்த் மறுபடி சேர்ந்துவிடும். ஃபைபருக்குக் காசு வராது என்று மேனேஜர் சொன்னால், இரண்டு பக்கமும் ஐசோலேட்டட் ரிப்பீட்டரும் (மின் தொடர்பைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்துவது), கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே சர்ஜ் அரெஸ்டரும் (திடீர் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்புவது) வேண்டும். அரெஸ்டரின் எர்த் வயர் குட்டையாக, சுருட்டாமல் எர்த் பாருக்குப் போக வேண்டும். பேனலின் மறுமூலைக்கு ஒரு மீட்டர் இழுத்துக் கட்டினால் அரெஸ்டர் இருந்தும் இல்லாததுதான்.

கேள்வி: பாய்லர் ஐடி ஃபேன் (புகையை இழுக்கிற விசிறி) டிரைவை, அதாவது மோட்டார் வேகத்தை மாத்துற கருவியை, மாத்தினோம். இப்ப புரோஃபிபஸ்ல (பிஎல்சியையும் டிரைவையும் கோர்க்கிற லைன்) அந்த டிரைவும் அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாமும் காணோம். பிஎஃப் (பஸ் ஃபால்ட்) விளக்கு மின்னிக்கிட்டே இருக்கு.

'அதற்கு அப்புறம் எல்லாமும்' என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஊதா கேபிள் கனெக்டரில் இருக்கும் டெர்மினேஷன் சுவிட்சை ஆன் பண்ணினால், வெளியே போகும் கேபிள் துண்டாகிவிடும். புது டிரைவில் சொருகும்போது யாரோ ஆன் பண்ணியிருக்கிறார்கள். நடுவில் இருப்பவை எல்லாம் ஆஃப், இரண்டு கடைசியும் ஆன். கடைசி ஸ்டேஷனில் கேபிள் ஏ1, பி1 டெர்மினலில்தான் இருக்க வேண்டும். ஏ2, பி2வில் போட்டுவிட்டு ஆன் பண்ணினால் அந்த ஸ்டேஷனே வெளியே போய்விடும். பச்சை வயர் ஏ, சிவப்பு பி.

சுவிட்சை ஆஃப் பண்ணி அப்புறம் இருந்தவை வந்துவிட்டன, டிரைவ் மட்டும் வரவில்லை என்றால் அதன் அட்ரஸ் (லைனில் அதற்கான எண்) தப்பு. அட்ரஸ் வைக்கும் டிப் சுவிட்சை மாற்றினால் மட்டும் போதாது, டிரைவின் கரண்டை ஒருமுறை முழுதாக அணைத்துப் போட வேண்டும். கார்டுக்குத் தனி 24 வோல்ட் இருந்தால் அதையும் சேர்த்து.

லைனைச் சோதிக்க எல்லாக் கனெக்டரையும் கழற்றி, ஏவுக்கும் பிக்கும் நடுவில் அளந்தால் 110 ஓமும் கேபிளின் சொந்த ரெசிஸ்டன்ஸ் கொஞ்சமும் வரும். இங்கே டெர்மினேஷன் 220 ஓம், 60ஐத் தேடாதீர்கள். இந்த டெர்மினேஷனுக்கு அந்த ஸ்டேஷனே 5 வோல்ட் கொடுக்கிறது. அதனால் கடைசி டிரைவை சர்வீஸுக்காக அணைத்தால் மொத்த லைனும் ஆடும். அங்கே தனி 24 வோல்ட்டில் ஓடும் ஆக்டிவ் டெர்மினேட்டர் போட்டுவிடுங்கள்.

வேகமும் பாருங்கள்: 1.5 மெகாபிட்டில் ஒரு செக்மென்ட் 200 மீட்டர், 12 மெகாபிட்டில் 100 மீட்டர்தான். பாய்லர் ஹவுஸுக்கு 187.5 கிலோபிட் தாராளம், 1000 மீட்டர் வரை போகலாம்.

கேள்வி: அதே டிரைவ்தான் அண்ணே. இப்ப விளக்கெல்லாம் பச்சை, ஆனா ஃபேன் சுத்த மாட்டேங்குது.

கட்டளை எங்கிருந்து வரவேண்டும் என்ற பாராமீட்டர் கீபேடிலோ டெர்மினலிலோ நிற்கிறது, ஃபீல்டுபஸ்ஸுக்கு (இங்கே புரோஃபிபஸ்) மாற்றுங்கள். வேகத்துக்கான மூலம் தனிப் பாராமீட்டர், அதையும் மாற்ற வேண்டும். சீமென்ஸ் டிரைவ் என்றால் கன்ட்ரோல் வேர்டில் (பிஎல்சி அனுப்பும் கட்டளை எண்) முதலில் ஹெக்ஸ் 047இ, அடுத்து 047எஃப் போக வேண்டும். நேராக 047எஃப் அனுப்பினால் ஓடாது. ஸ்டார்ட் பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக ஏறுவதை டிரைவ் பார்க்க வேண்டும். முழு வேகத்துக்கு அனுப்ப வேண்டிய எண் 16384.

கேள்வி: மீட்டர்ல 230 வோல்ட் காட்டுது. ஸ்க்ரீன்ல பூஜ்யம். எரர் எதுவும் இல்லை.

230.0 என்ற ஃப்ளோட் (தசம) எண் இரண்டு ரெஜிஸ்டரில் (மீட்டர் மதிப்பை வைக்கும் அறைகள், ஒவ்வொன்றும் ஒரு வேர்டு) 17254, 0 என்று வரும். வரிசை மாறி 0, 17254 என்று சேர்த்தால் பூஜ்யத்துக்கு அருகிலான நுண்ணிய எண்தான் கிடைக்கும், திரையில் 0.0 என்று தெரியும். இரண்டு வேர்டையும் இடம் மாற்றுங்கள். ரெஜிஸ்டர் எண்ணில் ஒன்று தள்ளிப் போயிருந்தாலும் இப்படிக் குழப்பும்: கையேட்டில் 40001 என்றிருப்பது லைனில் 0 என்றே போகிறது.

கேள்வி: 20 எனர்ஜி மீட்டர், வேகம் 9600 பாட். நல்லா இருந்தா ரெண்டு செகண்டுல சுத்தி வருது. ஒண்ணு ரெண்டு அணைஞ்சா ஏன் இழுக்குது?

பத்து ரெஜிஸ்டர் படிக்க 8 பைட் கேள்வி, 25 பைட் பதில். பேரிட்டியோடு (பிழை பார்க்கும் பிட்) 38 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்கும் நேரமும் சேர்த்து 100க்குள் முடியும். அணைந்த மீட்டருக்கோ டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) ஒரு செகண்ட், மறுமுயற்சி இரண்டு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அது மட்டுமே மூன்று செகண்டைத் தின்கிறது. டைம்அவுட்டை 200 மில்லி செகண்டாக்கி, மறுமுயற்சியை ஒன்றாக்குங்கள். பதில் தராத மீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கூப்பிடும்படி புரோகிராமில் வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: புரோஃபிநெட் (ஈதர்நெட் கேபிள்ல ஓடுற லைன்) ரிமோட் ஐஓ, அதாவது தூரத்து இன்புட் அவுட்புட் பெட்டி, மாத்தினேன். பிங் பண்ணா பதில் வருது, பிஎல்சி மட்டும் ஏத்துக்கல.

ஐபி கொடுத்தீர்கள், டிவைஸ் பெயர் கொடுக்கவில்லை. புரோஃபிநெட்டில் பிஎல்சி பெயரைச் சொல்லித்தான் தேடும். புராஜெக்டில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் டிவைஸுக்குள் எழுதுங்கள். பக்கத்தில் அதே மாதிரி டிவைஸ் இருந்தால், முதலில் விளக்கை மின்னவிட்டுப் பார்த்து எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டெரிலைசரின் பெயரை மாற்றிவிட்டால் அன்றைய ஷிஃப்ட் உங்கள் தலையில்தான்.