வண்டிக் கேள்விகள்: இரண்டு சிலிண்டரா, மூன்று சிலிண்டரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38, எடை 64 கிலோ. பதினோரு ஆண்டுகளாக 150 சிசி வண்டி ஓட்டுகிறேன். தினமும் நகர நெரிசலில் 35 கிலோமீட்டர் அலுவலகப் பயணம். மாதம் இரண்டு முறை மலைப்பாதை, பெரும்பாலும் மனைவி பின்னால் இருப்பார். யமஹா எம்டி-07, டிரையம்ஃப் டிரைடன்ட் 660 இரண்டும் பயன்படுத்திய வண்டிகளாக வந்திருக்கின்றன. இரண்டுமே 2022 மாடல். விவரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வாங்குவது?

பதில்: விவரத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் திணறுவதில் வியப்பில்லை. இருக்கை உயரம் இரண்டிலும் 805 மி.மீ. பெட்ரோல் டேங்க் இரண்டிலும் 14 லிட்டர். பின் டயர் இரண்டிலும் 180/55, 17 அங்குலம். எம்டி-07 எடை 184 கிலோ, டிரைடன்ட் 189. அந்த ஐந்து கிலோவை ஓட்டும்போது உணர மாட்டீர்கள். இந்த எண்களை மூடி வைத்துவிட்டு என்ஜினுக்குள் வாருங்கள்.

எம்டி-07 என்ஜின் 689 சிசி, இரண்டு சிலிண்டர். ஒவ்வொரு பிஸ்டனும் 80 மி.மீ. அகலம், 68.6 மி.மீ. ஏறி இறங்குகிறது. டிரைடன்ட் 660 சிசி, மூன்று சிலிண்டர், 74 மி.மீ. அகலம், ஏற்ற இறக்கம் 51.1 மி.மீ. மட்டுமே. முதலாவதில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 345 சிசி, இரண்டாவதில் 220. அடி பெரிதாக விழுவது எம்டி-07-இல். அடி அடிக்கடி விழுவது டிரைடன்டில். 4,000 ஆர்.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) போகும்போது எம்டி-07 என்ஜினில் நொடிக்கு சுமார் 67 முறை எரிபொருள் வெடிக்கிறது, அதுவும் சம இடைவெளியில் இல்லை. டிரைடன்டில் சரியாக 100 முறை, ஒரே சீராக. கைப்பிடியில் உங்கள் உள்ளங்கை உணர்வது இந்த வேறுபாட்டைத்தான்.

உச்ச சக்தியைப் பாருங்கள். எம்டி-07 சுமார் 73 குதிரைத்திறனை 8,750 ஆர்.பி.எம்-இல் தருகிறது. டிரைடன்ட் 81 குதிரைத்திறன் தருகிறது, ஆனால் அதற்கு 10,250 வரை போக வேண்டும். டார்க், அதாவது சுழற்றும் விசையின் கணக்கு தலைகீழ்: எம்டி-07 67 நியூட்டன் மீட்டர், டிரைடன்ட் 64. பிஸ்டன் குறைந்த தூரமே ஓடுவதால் டிரைடன்ட் என்ஜின் அவ்வளவு வேகமாகச் சுழன்றும் திணறுவதில்லை. கணக்குப் போட்டால், உச்ச சக்தியில் எம்டி-07 பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர், டிரைடன்டில் 17.5 மீட்டர்தான்.

இரண்டையும் தலா ஒரு வாரம் ஒரே பாதையில் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பாதையில் இடப்பக்கம் பாறைச் சுவர் எழும் ஒரு கொண்டையூசி வளைவு இருக்கிறது. அதிலிருந்து வெளியேறியதும் நேரான ஏற்றம். எம்டி-07-ஐ மூன்றாவது கியரிலேயே விட்டு, 3,500-இல் ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்தேன். ஒரு கணம் தயக்கமில்லை. பின்சக்கரம் தரையைப் பற்றி இழுப்பது இருக்கையின் வழியாகவே தெரிந்தது. டிரைடன்டில் அதே இடத்தில், அதே கியரில் வண்டி நன்றாகவே ஏறியது, ஆனால் அந்த முதல் உந்தல் மென்மையானது. இரண்டாவது கியருக்கு இறக்கி 7,000-க்கு மேல் கொண்டுபோனபோது கதை மாறியது: குரல் உயர்ந்து, எம்டி-07 மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தைத் தாண்டியும் டிரைடன்ட் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. இப்போது ஓட்டும் வண்டியில் எந்த ஆர்.பி.எம்-இல் கியர் மாற்றுகிறீர்கள்? ஒரு வாரம் கவனியுங்கள். என்ஜின் குரல் உயரும்வரை காத்திருந்து மாற்றுபவர் என்றால் மூன்று சிலிண்டர் உங்களுக்கு இயல்பாகப் பொருந்தும். சீக்கிரமே மேல் கியருக்குப் போய், கியரைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் வைத்து ஓட்டுபவர் என்றால் எம்டி-07.

இனி சஸ்பென்ஷன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது 'மனைவி பின்னால் இருப்பார்' என்ற வரியில்தான். எம்டி-07-இன் சஸ்பென்ஷன் மென்மையானது. 64 கிலோ எடையில் தனியாக ஓட்டும்போது அது உங்களுக்குச் சுகமாகவே இருக்கும். பின்னால் ஆள் ஏறியதும் பின்பக்கம் அமிழும், முன்பக்கம் எடை குறையும், மலைவளைவில் ஹேண்டில் சொல்வது மங்கிப்போகும். டிரைடன்டில் முன்சக்கரத்தைத் தாங்குவது ஷோவா நிறுவனத்தின் தலைகீழ் ஃபோர்க். ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை, ஆனால் இருக்கும் அமைப்பே இறுக்கமும் நிதானமும் உள்ளது. இருவராகப் போவதற்கு அது நம்பகமானது.

இன்னொன்று, 2022 எம்டி-07-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கினால் என்ஜின் சக்தியைத் தானே குறைக்கும் அமைப்பு) கிடையாது. டிரைடன்டில் உண்டு; ரோடு, ரெயின் என இரண்டு ஓட்டமுறைகளும் உண்டு. 150 சிசி-யிலிருந்து வருகிறீர்கள். இதுவரை உங்கள் வலதுகை செய்த எந்தப் பிழையும் பின்சக்கரத்தை வழுக்கவைத்திருக்காது. இனி வைக்கும். மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டின்மேல், வண்டி சாய்ந்திருக்கும்போது, அரை அங்குலம் அதிகம் திருகினால் போதும். அந்த நொடியில் பின்னால் இருப்பவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

என் மனம் எம்டி-07 பக்கம். அந்த வளைவின் முடிவில் கிடைத்த உந்தலுக்காகவே அதை எனக்கென்று வாங்குவேன். உங்களுக்கு நான் சொல்வது டிரைடன்ட். நீங்கள் தனியாகவே ஓட்டுபவராக இருந்தால் பதிலை மாற்றியிருப்பேன்.

பயன்படுத்திய வண்டி என்பதால் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியால் முன் ஃபோர்க் குழாய்களைத் துடையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலைப் பத்துமுறை அழுத்தி விடுங்கள். மறுபடி துடையுங்கள். துணியில் எண்ணெய் வளையம் பதிந்தால் எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கும் சீல் போய்விட்டது. நான் முன்பு வாங்கிய ஒரு வண்டியில் விற்றவர் அன்று காலைதான் துடைத்து வைத்திருந்தார். பளபளப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெய் பிரேக் வட்டு வரை இறங்கியிருந்தது. பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பட்டையை மாற்றியே ஆக வேண்டும். துடைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: 270 டிகிரி கிராங்க் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்ஜினுக்கு 'வி' வடிவ என்ஜின் சத்தம் எப்படி வருகிறது?

பதில்: நல்ல கேள்வி, மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க். 90 டிகிரி 'வி' என்ஜினில் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அது 270 டிகிரி சுழலும், அதன்பின் 450 டிகிரி. தட்-தட், ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி தட்-தட். பக்கவாட்டு இரட்டை என்ஜினில் கிராங்க்கில் பிஸ்டன்கள் இணையும் இரு ஊசிகளையும் 270 டிகிரி விலக்கி வைத்தால் இதே தாளம் கிடைத்துவிடும். நம் காது தாளத்தைத்தான் கேட்கிறது, சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அல்ல.

சத்தத்துக்காக மட்டும் இப்படிச் செய்வதில்லை. பிஸ்டன் உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. 180 டிகிரி, 360 டிகிரி கிராங்க்குகளில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நிற்கும், ஒரே கணத்தில் பாயும். அதனால் கிராங்க்கின் வேகமும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஏறி இறங்கும். 270-இல் ஒன்று நிற்கும்போது மற்றது ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுகிறது. ஒன்று விட்ட ஆற்றலை மற்றது வாங்கிக்கொள்கிறது. ஆக்சிலேட்டருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வேறு சலசலப்பு குறைவதால், டயரின் பிடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கைக்குத் தெளிவாகத் தெரிகிறது.

யமஹா இதை 1995-இலேயே டிஆர்எக்ஸ்850-இல் செய்துவிட்டது. எம்டி-07 வந்தது 2014-இல். பிறகு ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை, ஏப்ரிலியா ஆர்எஸ் 660, ஹோண்டா ஹார்னெட் 750, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8எஸ் எல்லாமே இதே 270-க்கு வந்தன. கவாஸாகி இசட்650 180-இலேயே நிற்கிறது. ஓட்டினால் அதன் சுழற்சி வேறு மாதிரி விறுவிறுப்பாக இருக்கும்.

கேள்வி: நான் 156 செ.மீ. உயரம். 805 மி.மீ. இருக்கை உயரம் உள்ள வண்டியை நான் ஓட்டலாமா? தோழிகள் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: ஓட்டலாம், மகளே. இருக்கை உயரம் என்ற எண் பாதிக் கதைதான். இருக்கையின் முன்பகுதி எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பது மீதிக் கதை. அகலமான இருக்கையில் தொடைகள் விரிந்து கால் நீளம் வீணாகும். எம்டி-07 டேங்குக்கு அருகில் நன்றாகக் குறுகுகிறது, அது உங்களுக்குச் சாதகம்.

இரண்டு பாதங்களும் தட்டையாகத் தரையில் பதிய வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். சிக்னலில் நிற்கும்போது இடுப்பை இருக்கையின் இடப்பக்கமாக ஒரு கையகலம் நகர்த்தி, இடதுகாலை முழுதாக ஊன்றுங்கள், வலதுகால் பின் பிரேக்கில் இருக்கட்டும். வண்டியை நிறுத்தும் முன்பே சாலை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். கால் தரைக்கு எட்டாமல் போவது பெரும்பாலும் சரிவில்தான். முதல் மாதம் வண்டியை இறங்கி நின்று தள்ளிப் பழகுங்கள். 184 கிலோவின் சமநிலை எங்கே இருக்கிறது என்பதை இடுப்பு கற்றுக்கொள்ளும்.

கேள்வி: நேக்கட் பைக்கில் 120 கி.மீ. வேகத்தில் நீண்ட தூரம் போக முடியுமா?

பதில்: நேக்கட் பைக் என்றால் முன்னால் காற்றைத் தடுக்கும் உறை இல்லாத வண்டி. வண்டிக்கு முடியும், உங்கள் கழுத்துக்கு முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-இல் உங்கள் மார்பைத் தள்ளும் காற்று 120-இல் இரண்டேகால் மடங்கு வலுவாகத் தள்ளும். 95, 100 இந்த வகை வண்டிக்கு உகந்த வேகம்.

கேள்வி: பின் ஷாக் அப்சார்பரை என் எடைக்கு ஏற்பச் சரிசெய்வது எப்படி? கேட்ட இடத்தில் எல்லாம் 'கம்பெனி அமைப்பே போதும்' என்கிறார்கள்.

பதில்: கம்பெனி அமைப்பு யாரோ ஒருவருடைய எடைக்கு. அது நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. உதவிக்கு ஒருவரையும் ஒரு அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை உயர்த்தி, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே இருக்கைக்கு அடியில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட், காலணி எல்லாம் போட்டு அதன்மேல் உட்காருங்கள்; நண்பர் மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 முதல் 40 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதைவிட அதிகம் அமிழ்ந்தால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை ஒரு படி கூட்டி மறுபடி அளக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறும் நாளுக்கு எத்தனை படி என்பதையும் அப்போதே அளந்து, இருக்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.