தொளி என்றால் வெறும் சேறா?

கேள்வி: "தொளி அடிச்சு ஆறப்போட்டாச்சா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். தொளியும் சேறும் ஒன்றுதானா? இது எங்கிருந்து வந்த சொல்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அகராதியைப் புரட்டினால் தொளிக்குச் சேறு என்றே பொருள் இருக்கும். வயக்காட்டு வழக்கு அதைவிட நுணுக்கமானது. மழை பெய்து தெருவில் கிடப்பது சகதி. தண்ணீர் கட்டி, உழுது, குழை (பச்சை இலைதழை) போட்டு மிதித்து, நடவுக்கென்றே பக்குவப்படுத்திய சேறுதான் தொளி. தொளதொள என்ற சொல்லோடு சேர்த்துப் பாருங்கள்; கட்டுவிட்டுத் தளர்ந்த மண் என்ற பொருள் தெளிவாகும். மலையாளத்திலும் வயல் சேற்றுக்குத் தொளி என்றே பெயர். முளைகட்டிய விதையைச் சேற்றில் தூவினால் தொளி விதைப்பு, காய்ந்த மண்ணில் விதைத்தால் புழுதி விதைப்பு. எவ்வளவு அழகான எதிர்ச்சொற்கள்!

தொளி அடிப்பது இப்படித்தான்: மண் நன்றாக ஊறிய பிறகு முதல் உழவு. கொழுஞ்சி, ஆவாரை, வேம்பு எது கிடைத்தாலும் ஏக்கருக்கு இரண்டரை டன் குழை போட்டு மிதித்து, ஒரு வாரம் பத்து நாள் அழுகவிட வேண்டும். அவசரப்பட்டு அதற்குள் நட்டால் வேர் கருத்து நாற்று பழுத்துவிடும். பிறகு குறுக்கு உழவு, கடைசியாக மரம் அடித்து, அதாவது பரம்புப் பலகையை இழுத்து, சமப்படுத்துவது. உழவின்போது தண்ணீர் அதிகமாக நின்றால் கட்டி உடையாமல் நழுவும். சேறு மூடும் அளவு போதும். நன்றாகக் கலங்கிய தொளியில் நுண்ணிய களி படிந்து மண்ணின் கண்களை (நுண்துளைகளை) அடைப்பதால்தான், கட்டிய தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. வாய்க்கால் முறைக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: நட்ட மறுநாளே நாற்று சில இடங்களில் மிதக்கிறது, சில இடங்களில் புதைந்து கிடக்கிறது. ஏன்?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: மிதப்பது பள்ளத்தில், மரம் சரியாக அடிபடவில்லை. புதைந்தது, தொளி ஆறுமுன் நட்டதால். களிமண் வயலை ஒன்றிரண்டு நாள் ஆறவிடுங்கள். காலை வைத்து எடுத்துப் பாருங்கள்: தடம் உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஆறவில்லை, விளிம்பு கலையாமல் நின்றால் நடலாம். மணற்பாங்கான வயலில் இதற்கு நேர்மாறு. மறுநாள் மணல் இறுகி விரல் இறங்காது, அடித்த அன்றே நட்டுவிட வேண்டும். எந்த மண்ணானாலும் நாற்று மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் தூர் கட்டுவது, அதாவது பக்கக் கிளை வெடிப்பது, தாமதமாகும்.