கலங்கரை விளக்கக் கப்பலுக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகள் கலங்கரை விளக்கச் சேவையின் கப்பலில் பணியாற்ற ஆசைப்படுகிறாள். ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்த வேலை நிலைக்குமா என்பது உங்கள் கேள்வி. பெண் பிள்ளை தனியாகக் கடலில் இருக்க வேண்டுமே என்பது அவள் அம்மாவின் கவலை.

கோபுரத்தில் தங்கி விளக்கைக் காக்கும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரிட்டனில் கடைசிக் காவலர்கள் நார்த் ஃபோர்லாண்ட் விளக்கை விட்டு இறங்கியது 1998-இல். இப்போது விளக்குகள் தாமாகவே எரிகின்றன; கரையில் இருந்தபடியே அவற்றைக் கண்காணிக்கிறார்கள். ஆனால் பழுதான விளக்கைச் சரிசெய்ய யாராவது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். கப்பல்களுக்கு வழியையும் ஆபத்தையும் காட்டக் கடலில் கிடக்கும் மிதவைகளும் தம்மைத்தாமே பார்த்துக்கொள்வதில்லை. அந்த வேலையைச் செய்பவை கப்பல்கள். உங்கள் மகள் கோபுரத்தைக் கேட்காமல் கப்பலைக் கேட்டிருக்கிறாள் என்றால் விவரம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

அங்கே ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கப்பல் மிதவையை நெருங்கி, அலையிலும் நீரோட்டத்திலும் நகராமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மேல்தளத்தில் இருப்பவர்கள் கொக்கியை மாட்டியதும் டன் கணக்கில் எடையுள்ள மிதவையைக் கிரேன் தூக்கி இறக்கும். அதன் அடிப்பகுதி முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கும். நீரைப் பீய்ச்சியடித்துச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு சங்கிலியைப் பார்ப்பார்கள். கடலடித் தரையில் உரசிக்கொண்டே கிடக்கும் பகுதிதான் சீக்கிரம் தேயும். வளையம் வளையமாகத் தடிமனை அளந்து, மெலிந்துபோன பகுதியை வெட்டிவிட்டுப் புதியதை இணைப்பார்கள். விளக்கு, பேட்டரி, சூரியத் தகடு எல்லாவற்றையும் சோதித்து, உரிய இடத்திலேயே மறுபடி இறக்குவார்கள். கை அழுக்காகும், குளிரும், கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. இதைக் கேட்ட பிறகும் அவள் கண் மலர்ந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஜிபிஎஸ் கேள்விக்கு வருகிறேன். 2002 டிசம்பர் 14 அன்று ஆங்கிலக் கால்வாயில் டிரைகலர் என்ற கார் ஏற்றிச் செல்லும் கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மாலுமிகளிடம் ஜிபிஎஸ் இருந்த காலம் அது. எச்சரிக்கை அறிவிப்புகளும் ஒலிபரப்பாகின. அப்படியிருந்தும் இரண்டு நாள் கழித்து நிக்கோலா என்ற கப்பல் அந்தச் சிதைவின்மேல் ஏறியது; 2003 புத்தாண்டு நாளில் விக்கி என்ற எண்ணெய்க் கப்பலும் இடித்தது. புதிய சிதைவுகளை உடனே அடையாளம் காட்ட நீலமும் மஞ்சளும் கலந்த தனி மிதவை வந்தது அதற்குப் பிறகுதான். அதை விரைந்து கொண்டுபோய் வைப்பதும் இந்தக் கப்பல்களின் கடமை. அதனால் வேலை நிலைக்கும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இடங்கள் மிகக் குறைவு. அயர்லாந்து தீவின் கலங்கரை விளக்கச் சேவைக்கு இருப்பது கிரானுவேல் என்ற ஒரே கப்பல். ஸ்காட்லாந்துக்கு ஃபாரோஸ், போல் ஸ்டார் என்று இரண்டு. ஆகவே இந்தச் சேவையை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். எந்த வணிகக் கப்பலிலும் செல்லுபடியாகும் தள அதிகாரி (கப்பலைச் செலுத்துபவர்), கப்பல் பொறியாளர், மின்தொழில்நுட்ப அதிகாரி சான்றிதழ்களில் ஒன்றுக்குப் படிக்கட்டும். சில ஆண்டுகள் மற்றக் கப்பல்களில் அனுபவம் பெற்ற பிறகு இங்கே விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடும்.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் நிறப்பார்வைப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிய முடியாதவரைத் தள அதிகாரியாக எடுக்க மாட்டார்கள். கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு இந்த ஒரு சோதனையில் நின்றுபோன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் முகத்தைப் பார்க்க முடியாது.

அவளுடைய ஆர்வத்தை அறிய ஒரு சின்ன வழி உண்டு. ஆபத்தான இடத்துக்குக் கிழக்கே வைக்கும் மிதவை மூன்று முறை மினுக்கும், தெற்கே வைப்பது ஆறு முறை, மேற்கே வைப்பது ஒன்பது முறை. கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் போதும். வடக்கு மிதவை இடைவிடாமல் மினுக்கும். தெற்கு மிதவை மட்டும் ஆறு மினுக்கலுக்குப் பின் ஒரு நீண்ட ஒளி காட்டும். ஏன் என்று அவளிடம் கேளுங்கள். ஆடும் கப்பலில் நின்று எண்ணும்போது மூன்றோடும் ஒன்பதோடும் குழம்பிவிடக் கூடாதே என்பதுதான் விடை.

அவள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் பாறை விளக்கில் இருவரே காவல் இருந்தனர். ஒருவர் இறந்துபோனார். கொலைப்பழி விழுமோ என்று பயந்த மற்றவர், புயல் ஓய்ந்து படகு வரும்வரை உடலைக் கடலில் போடாமல் காத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பாறை விளக்குகளில் மூவர் இருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. இன்றைய கப்பலில் ஒரு குழுவே உடன் இருக்கும். பல சேவைகளில் சில வாரம் கடலில், சில வாரம் வீட்டில் என்று முறை வைத்துத்தான் பணி.

பெண்களுக்கும் இந்தப் பணி புதிதல்ல. அமெரிக்காவில் ஐடா லூயிஸ் என்பவர், தந்தை பக்கவாதத்தில் விழுந்தபின் லைம் ராக் விளக்கைக் கவனித்துக்கொண்டார். படகில் சென்று பலரைக் காப்பாற்றினார். 1879-இல் முறைப்படி காவலராக நியமிக்கப்பட்டு, 1911-இல் இறக்கும்வரை பணியில் இருந்தார். முன்பு மிதவைக் கப்பல்களுக்குப் பூக்கள், மரங்களின் பெயரை வைத்த அந்த நாடு, பின்னாளில் கட்டிய 14 கப்பல்களுக்கு விளக்கக் காவலர்களின் பெயரைச் சூட்டியது. முதல் கப்பலின் பெயர் ஐடா லூயிஸ்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். தளப் பிரிவா, பொறியியலா என்பதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.