ஊட்டிப் பூங்கா மேட்டில் பேட்டரி ஸ்கூட்டர் நின்றுபோனால்

நடக்கச் சிரமப்படுவோர் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர் மேட்டில் நின்றுபோகிறது, புது பேட்டரி வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே அதற்குப் பணம் கட்டாதீர்கள். கோவையில் நன்றாக ஓடிய வண்டி ஊட்டி தாவரவியல் பூங்கா மேட்டில், அதுவும் மூன்று வயதுக் குழந்தை மடியில் இருக்கும்போது நிற்கிறதென்றால், பெரும்பாலும் குளிரும் பாரமும்தான் காரணம். ராத்திரி முழுக்க வண்டி காரிலேயே இருந்தது என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். ஈய-அமில பேட்டரி குளிர்ந்தால் சக்தி குறையும். மேடேறும்போது மோட்டார் அதிக கரண்ட் இழுக்க, வோல்டேஜ் சட்டென்று இறங்கி, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும்.

இன்றிரவு பேட்டரியை அறைக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள். காலையில் சார்ஜரைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள்: 24 வோல்ட் செட் என்றால் 25.4க்கு மேல் காட்ட வேண்டும். பிறகு நீங்கள் மட்டும் உட்கார்ந்து சிறிய மேட்டில் ஏறுங்கள். பேட்டரி அளவு காட்டும் முள் மேட்டில் விழுந்து சமதரையில் மறுபடி எழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அப்போது செட்டில் உள்ள இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள். முள் அசையாமல் வண்டி நின்றால் மோட்டார் சூடேறியிருக்கலாம், 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கீழ்ப்பகுதியே போதும். புல்வெளி அங்கேயே இருக்கிறது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான தோடர் மந்துப் பக்கம் போகும் ஏற்றம் வேண்டாம். ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும், பாதையிலேயே ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம்: மேட்டில் நின்றுபோனால் தள்ளுவதற்காக உடனே ஃப்ரீவீல் லீவரை (சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் பிடியை) தொடாதீர்கள். அதைத் திருப்பினால் பிரேக்கும் விட்டுவிடும். முதலில் பிள்ளைகளை வண்டிக்குப் பின்னாலிருந்து விலக்குங்கள், பெரியவர் இருவர் பிடித்த பிறகே லீவர்.